துடைத்துவிட்ட சுவர்

மார்ச் 2

என் அருமை மருமகள் சுண்டெலிக்கு,

மாமன் எழுதுவது. நலம். நலம் என்றால் உங்கள் ஊர் நலம் இல்லை. போன வாரம் என்னைச் சோதித்த டாக்டர், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இந்த மாதிரி இதயத் துடிப்பை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை" என்று எழுந்து நின்றுவிட்டார். உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி? உன் அப்பாவின் கோபம் எப்படி? இரண்டில் எது குறைந்திருந்தாலும் உடனே தெரியப்படுத்து.

போனில் பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். போனில் உன் அம்மா குறுக்கே குறுக்கே புகுந்து, "அப்படியா? எப்போ? யார் பார்த்தா?" என்று கேட்பாள். கடிதத்தில்தான் ஒரு மனிதன் நிம்மதியாகப் பேச முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஏப்ரல் மாதம் நீங்கள் மூவரும் நான்கு நாள் இங்கே வருகிறீர்கள். இது அழைப்பு இல்லை, ஆணை. நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பதினெட்டு வருடமாக "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றே ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள் உன் அம்மா. இந்த ஊரில் கால் தடுக்கி விழுந்தால் யாராவது ஒரு நடிகர் மேல்தான் விழ வேண்டும். தரையில் விழ இடமில்லை. முந்தாநாள் கடைத்தெருவில் ஒரு தும்மல் போட்டேன். மூன்று கதாநாயகிகள் கைக்குட்டை நீட்டினார்கள். யாருடையதை வாங்குவது என்று யோசிப்பதற்குள் சளியே நின்றுவிட்டது.

திட்டம் இதுதான். முதல் நாள், நட்சத்திரங்கள் குடியிருக்கும் தெரு. இரண்டாம் நாள், சினிமா காட்சியகம். ஒரு லட்சம் பழைய கேமராக்கள், எல்லாம் இன்னும் ஓடுகின்றன. மூன்றாம் நாள், மலை மேலிருந்து மொத்த நகரத்தையும் பார்ப்பது. நான்காம் நாள், மாமனின் சாம்ராஜ்யம். அரண்மனையோ, கோட்டையோ, ஆஸ்பத்திரியோ, சிறைச்சாலையோ, இந்த ஸ்டுடியோவில் மாமன் கை படாமல் ஒரு சுவர் படத்துக்குள் போகாது. என் கீழே நாற்பது பேர். நான் புருவத்தை உயர்த்தினால் நாற்பது பேரும் ஏணியில் ஏறுகிறார்கள், தாழ்த்தினால் இறங்குகிறார்கள். போன மாதம் கண்ணில் தூசி விழுந்து, பாவம், பத்து நிமிடம் ஏறி இறங்கியே களைத்துப்போனார்கள்.

பதிலை ஸ்டுடியோ முகவரிக்கே போடு. வாசல் காவலர் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்.

உங்கள் வருகைக்காக ஊரையே பெருக்கி வைத்திருக்கும்,
மாமன்


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

சுண்டெலியின் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் டாக்டர் உட்கார்ந்துவிட்டாரா? அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நாலு மாடி ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்கி, எந்த வார்டில் யார் சரியாகத் துடைக்கவில்லை என்று பார்க்கிறவளுக்கு முழங்கால் எப்படிக் குறையும்? அப்பாவின் கோபம் ஏறியிருக்கிறது. அவருடைய பஸ் ரூட்டை மாற்றிவிட்டார்கள். புது ரூட்டில் நாற்பத்தேழு வேகத்தடை. எண்ணி வைத்திருக்கிறார்.

வருகிறோம் மாமா. நிஜமாகவே வருகிறோம். அம்மா ஆறு வருடத்தில் முதல் தடவையாக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேலே இருப்பவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தத் தாளைப் படித்தாராம்.

எனக்கு ஒரே ஒரு நடிகரைப் பார்த்தால் போதும். சின்ன வேஷக்காரராக இருந்தாலும் சரி. அப்பாவுக்கு ஒன்றும் வேண்டாம், வேளாவேளைக்குச் சாப்பாடு இருந்தால் சரி. அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்:

"உங்க மாமா சொல்ற தெரு, மலை எல்லாம் இருக்கட்டும். அவரு வேலை பாக்குற இடத்த எனக்குக் கண்ணால பாக்கணும். உங்கண்ணன் அங்க என்னதான் பண்றாருன்னு வார்டுல யாராவது கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல. பதினெட்டு வருஷமா முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். அத மட்டும் ஒழுங்கா காட்டச் சொல்லு."

எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் இந்தத் தடவை கைக்குட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சுண்டெலி


ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். நலமா என்று கேட்பீர்கள். எனக்குக் கழுத்துப் பிடிப்பு, அப்பாவுக்குக் குதிகாலில் கொப்புளம், அம்மா மட்டும் பூரிப்பாக இருக்கிறாள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

முதல் நாள். நட்சத்திரத் தெருவில் ஒரு பச்சை கேட்டுக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றோம். சுவருக்கு மேலே தெரிந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். "அந்தத் தொட்டித் தண்ணியில குளிக்கிறது யாருன்னு நெனச்சே?" என்று நீங்கள் என் காதில் கிசுகிசுத்தீர்கள். கேட் திறந்தது. ஐம்பது பேர் பாய்ந்தார்கள். அப்பாவின் செருப்பு அறுந்தது. நான் முண்டியடித்துப் போய் நோட்டை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, வந்தவர் சலவைத் துணி எடுக்க வந்தவர். அவரும் பாவம், ஏன் எதற்கு என்று கேட்காமலே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாம் நாள் காட்சியகத்தின் கதவில் பூட்டு. "பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது." நாம் வருகிறோம் என்று தெரிந்துதான் தூசி தட்டுகிறார்கள் என்றீர்கள். அப்பா உங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் சுற்றுலா பஸ். விடுமுறைக்கு வந்த மனுஷன் சீட்டில் உட்கார வேண்டாமா? அப்பா டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வளைவுக்கு வளைவு காலால் தரையை அழுத்தி பிரேக் போட்டார். "ரெண்டாவது கியர் போடுங்க தம்பி... ரெண்டாவது!" என்று ஆரம்பித்ததில், பாதி மலையில் நம் நாலு பேரையும் இறக்கிவிட்டார்கள். நடந்து ஏறினால் மேலே ஒரே பனிமூட்டம். மொத்த நகரமும் எங்கே என்று கேட்டதற்கு, "இதுக்குக் கீழதான்" என்றீர்கள்.

நான்காம் நாள்தான் அம்மாவின் நாள். எங்களை உள்ளே அழைத்துப் போய் அந்த ஆஸ்பத்திரி வார்டு செட்டில் நிற்க வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன், அப்படியே ஒரு நடிகரையும் பிடித்து வருகிறேன் என்று போனீர்கள். ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. அம்மா சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை கறை, மூலையில் பாசி, கட்டிலுக்குப் பின்னால் ஒட்டடை தொங்குகிறது. அவள் முகம் போன போக்கு! "ஆஸ்பத்திரியா இது? நாப்பது பேர வச்சிக்கிட்டு இப்படியா போட்டு வச்சிருக்காரு? நாளைக்கு டைரக்டர் வந்து பாத்தா அண்ணன் மானம் என்னாகும்?" என்றாள். பின்பக்கம் உங்கள் வாளி, பஞ்சு, துணி எல்லாம் இருந்தன. அப்பாவை ஏணியில் ஏற்றினாள். நான் தண்ணீர் தூக்கினேன். மூன்று நாளாக ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும், "அந்த மூலைய விட்டுட்டீங்க," "எந்த மூலை? கண்ணத் தொறந்து பாரு" என்று சிரித்துக்கொண்டே துடைத்தார்கள். சுவர் பளபளவென்று ஆகிவிட்டது. எங்கள் அறுவை சிகிச்சை அறைகூட அவ்வளவு சுத்தம் இல்லை என்று அம்மா சொன்னாள்.

நீங்கள் ஆறிப்போன டீயோடு வந்து நின்றீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை மாமா. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்துவிட்டீர்கள். சந்தோஷத்தில் அண்ணனுக்கு வாயடைத்துவிட்டது என்கிறாள் அம்மா. டைரக்டர் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று தினம் இரண்டு தடவை கேட்கிறாள். சீக்கிரம் எழுதுங்கள்.

கழுத்தைத் திருப்ப முடியாத,
சுண்டெலி


மே 14

அருமை மருமகளே,

மாமன் நலம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் வேலைப்பளு. இமயமலையைத் தோளில் வைத்தால் கொஞ்சம் இளைப்பாறலாம் என்று தோன்றும் அளவுக்கு வேலை. உன் கழுத்து இந்நேரம் திரும்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

மறுநாள் காலை நடந்ததைக் கேள். டைரக்டர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். அப்படியே நின்றார். கையிலிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. எடுக்கவில்லை. கேமராக்காரர் கேமராவைத் திறந்தார். சுவரின் வெளிச்சம் தாங்காமல் மறுபடி மூடிவிட்டார். "இது யார் வேலை?" என்று டைரக்டர் கேட்ட குரலில் கூரைத் தகரங்கள் அதிர்ந்தன. மாமன் ஓர் அடி முன்னால் வந்து நின்றேன். அப்புறம் அங்கே நடந்த பேச்சை எழுதினால் இந்த ஊரில் தாள் தட்டுப்பாடு வந்துவிடும். சுருக்கமாக: என் சர்வீஸில் என்னைப் பற்றி இவ்வளவு நேரம், இவ்வளவு பேர், இவ்வளவு சத்தமாகப் பேசியதே கிடையாது. உன் அம்மாவிடம் அப்படியே சொல்.

இன்னொன்று. இனிமேல் கடிதத்தை ஸ்டுடியோவுக்குப் போட வேண்டாம். அங்கே எனக்கு வருகிற ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்து, உன்னுடையது அடியில் நசுங்கிவிடுகிறது. உறையின் பின்னால் என் அறை முகவரி எழுதியிருக்கிறேன். அதற்கே போடு. மறந்துவிடாதே. அதற்கே.

மாப்பிள்ளையின் செருப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

மாமன்


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமே விழைவு. உங்கள் கடிதத்தை அம்மா மூன்று வார்டிலும் படித்துக் காட்டச் சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போய்விட்டாள். எலும்பு முறிவு வார்டில் கைதட்டினார்கள். ஒரு கை கட்டுப் போட்டவர்கள் கட்டிலைத் தட்டினார்கள். "எங்கண்ணன் வேலை பாக்குற இடத்துல என் கையும் பட்டிருக்கு" என்று சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் எனக்கு உங்கள் மேல் கோபம் மாமா. கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று. டைரக்டர் பாராட்டினாரா இல்லையா? கடிதத்தை நான் நாலு தடவை படித்துவிட்டேன். தாள் விழுந்தது, தகரம் அதிர்ந்தது, எல்லாம் இருக்கிறது. "நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னதாக ஒரு வரி இல்லையே. அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. டைரக்டருக்கே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி நேற்றுத் தபாலில் போட்டுவிட்டாள். என்னிடம் காட்டவில்லை. உங்கள் அறை முகவரிக்குப் போட்டால் டைரக்டருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று ஸ்டுடியோவுக்கே போட்டிருக்கிறாள்.

உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை டாக்டர் இல்லாமல் எழுதுங்கள்.

சுண்டெலி


மே 27

மருமகளே,

நலம். அவசரம். உன் அம்மாவை இனி டைரக்டருக்கு ஒரு வரிகூட எழுத விடாதே. அவர் வெளிநாடு போய்விட்டார். அங்கே தபால் வசதி கிடையாது. தபால் என்றால் என்னவென்றே அந்த நாட்டில் தெரியாது. போட்ட கடிதத்தைத் திரும்பப் பெற வழி இருந்தால் உங்கள் தபால் நிலையத்தில் விசாரி. சிரிக்காதே. போய் விசாரி.

மற்றபடி இங்கே எல்லாம் ராஜபோகம்.

மாமன்


ஜூன் 12

மதிப்பிற்குரிய சகோதரிக்கும் அவர் மகளுக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்க்கிறேன். உங்கள் அண்ணனோடு பதினோரு வருடம் ஒரே ஏணியில் நின்றவன். வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

"டைரக்டர் ஐயா, ஆஸ்பத்திரி வார்டு படம்" என்று முகவரி போட்ட உங்கள் கடிதம் வாசலில் நாலு நாள் கிடந்து என் கைக்கு வந்தது. அந்தப் படத்து ஆட்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. உறையைப் பிரித்தது தப்புதான். பிரித்தபிறகு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று அதைப் படித்ததும் புரிந்தது. நான் சொல்வது அவருக்குப் பிடிக்காது. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

செட் என்பது புதுப் பலகையில் நான் அடித்துக் கொடுப்பது. வெள்ளைவெளேர் என்று இருக்கும். அதை நாற்பது வருடம் பழசாக்குவது அண்ணனுடைய வேலை. தண்ணீர் இறங்கின தடம், கை பட்டுப் பட்டு மங்கின இடம், பாசி, ஒட்டடை, எல்லாம் அவர் கையால் செய்வது. சாயம், டீத் தண்ணீர், மண், பசை, இவைதான் சாமான். அந்த வார்டுக்கு இருபத்தாறு நாள் உழைத்தார். அவருக்குக் கீழே நாற்பது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கீழே ஏணிதான் இருக்கிறது. அவரும் நானும் மட்டும்தான்.

காட்சியில் பாதியை எடுத்து முடித்திருந்தார்கள். மீதிப் பாதிக்கும் அதே சுவர், அதே கறை வேண்டும். ஒரு கறை இடம் மாறினாலும் திரையில் தெரிந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று நிற்கிறது. ஒன்பது நாள் படப்பிடிப்பு நின்றது. யார் துடைத்தது என்று கலை இயக்குநர் கேட்டார். "நான்தான். எனக்குத் திருப்தி இல்லை, அழித்துவிட்டேன்" என்றார் அண்ணன். அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். விவரம் தெரியாத வெளியாள் செய்தது என்றால் நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். வேண்டுமென்றே அழித்தேன் என்கிறவரை எப்படி வைத்துக்கொள்வது?

இதை எழுதியதற்கு மன்னிக்கவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தச்சு வேலைக்காரன்


ஜூன் 21

அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். இந்தத் தடவை மகளிடம் சொல்லி எழுதவில்லை, என் கையால்தான் எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி என்று கேட்டால் நீ எழுதுகிற பதிலை நம்புவதற்கில்லை. அதனால் கேட்கவில்லை.

தச்சர் கடிதம் போட்டார். அவரைத் திட்டாதே.

மூன்று வார்டிலும் நின்று பெருமையடித்தேன். கைதட்டினார்கள். இப்போது காலையில் வேலைக்குப் போகும்போது எலும்பு முறிவு வார்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. உன் மானம் போகக் கூடாது என்றுதானே துடைத்தேன்? நாற்பது பேர் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால், இங்கே நான் ஒருத்தன்தான், இதுதான் என் வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்த வாளியைத் தொட்டிருப்பேனா? நான் தப்புப் பண்ணினேன் என்று என்னிடம் சொன்னால் நான் உடைந்தா போய்விடுவேன்? ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் ஆகிறது, தினம் யாராவது ஒருவரிடம், "நீ சரியாப் பண்ணல" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் நான். எனக்கு அதைக் கேட்கத் தெரியாதா?

உன் மாப்பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. "ஏணியில ஏறினது நான்தானே" என்கிறார். வண்டி ஓட்டும்போது அந்தச் சுவர்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறதாம்.

உங்கள் கலை இயக்குநருக்கு நான் எழுதப் போகிறேன். துடைத்தது நான், விவரம் தெரியாமல் செய்தேன், அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஆனால் தச்சர் சொன்னதை வைத்து எழுத மாட்டேன். அன்றைக்கு நடந்தது என்ன, இப்போது நீ எப்படி இருக்கிறாய், இரண்டையும் உன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் வேண்டாம். கதாநாயகி வேண்டாம். நடந்தது மட்டும்.

தங்கச்சி


ஜூலை 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். சாதாரண நலம்.

நீ கேட்டபடி நடந்ததை மட்டும் எழுதுகிறேன். தச்சர் எழுதியது உண்மைதான். வேலை போய்விட்டது. கலை இயக்குநர் எனக்கு விடைகொடுத்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஸ்டுடியோவில் இருந்த அத்தனை விளக்குகளும் ஒரு நிமிடம் அணைந்து எரிந்தன. நான் வெளியே வந்தபோது வாசல் காவலர் தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள் இத்தனை வருடமாக அவருக்கு முடியே இல்லை என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

நீ வருத்தப்பட ஒன்றுமே இல்லை. மறுநாளே ஆறு கம்பெனிகள் என் வாசலில் வரிசையில் நின்றன. யாரையும் நோகடிக்கக் கூடாதே என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. மாப்பிள்ளையை நன்றாகச் சாப்பிடச் சொல். அவர் ஏணியில் நின்ற தோரணையை இங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்காக யாருக்கும் எதுவும் எழுதாதே.

அண்ணன்


ஜூலை 13

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். "வேலை போய்விட்டது" என்பதைத் தவிர மற்ற எல்லா வரிக்கும் அடியில் கோடு போட்டிருக்கிறேன். "சாதாரண நலம்" என்பதற்கும் போட்டிருக்கிறேன்.

எங்கள் வார்டில் தரை சரியில்லை என்றால் நான் கத்துவதில்லை. வாளியைத் திரும்ப அவர்கள் கையில் கொடுப்பேன். அவ்வளவுதான்.

மறுபடி எழுது.

தங்கச்சி


ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். இரண்டாவது வரியிலேயே யாராவது அழுதுவிடுகிறார்கள்.

உடம்பு பரவாயில்லை. ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. இப்போது தூங்குகிறேன்.

ஆறு கம்பெனி வரவில்லை. ஒன்றும் வரவில்லை. மூன்று ஸ்டுடியோவில் போய்க் கேட்டேன். செட்டை அழித்தவன் என்று அவர்களுக்குச் செய்தி போயிருக்கிறது. வெளியே உட்கார வைத்தார்கள், அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது இடத்தில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஜூன் கடைசியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளையடிக்கிறேன். தாழ்வாரம் முழுக்க வெள்ளை. நான் அடித்த முதல் சுவரைப் பார்த்துவிட்டு மேஸ்திரி, "என்னய்யா, புதுசா அடிச்சது மாதிரியே இல்ல, ஏதோ நாப்பது வருஷத்துச் சுவரு மாதிரி இருக்கு" என்றார். வேண்டுமென்று செய்யவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. மறுபடி அடித்தேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது பேர் என்று எழுதியது பொய். நான் ஊரை விட்டு வந்த முதல் வருடம், என்ன வேலை என்று நீ கேட்டு எழுதியிருந்தாய். நீ அப்போதுதான் ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலையிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்தாய். என் தங்கை அழுக்கை எடுத்து மேலே வந்திருக்கிறாள், நான் அழுக்குப் பண்ணுகிறேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அரண்மனை என்று எழுதினேன். அதிலிருந்து வளர்ந்ததுதான் எல்லாம்.

அன்றைக்கு நடந்ததைக் கேட்டாய். இதை நான் தச்சரிடமும் சொல்லவில்லை. நான் டீயோடு வந்தபோது சுவரில் பாதிதான் போயிருந்தது. ஜன்னல் பக்கத்துச் சுவர் முழுசாக இருந்தது. மாப்பிள்ளை அப்போதுதான் ஏணியை அங்கே நகர்த்திக்கொண்டிருந்தார். "நிறுத்து" என்றிருந்தால் அந்தப் பக்கம் மிஞ்சியிருக்கும். மற்றதை ராத்திரியோடு ராத்திரியாக ஓரளவு சரிபண்ணியிருப்பேன். நிறுத்து என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்டால், அது அழுக்கு இல்லை, என் வேலை என்று சொல்ல வேண்டும். வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் முழுசாகத் துடைத்து முடிக்கிற வரைக்கும் நின்றேன். டீ ஆறிப்போயிருந்ததே, அதனால்தான். பாதிச் சுவர் உன்னால் போனது. மீதி என்னால் போனது.

கலை இயக்குநருக்கு எழுதுவதென்றால் எழுது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்த்து எழுது. அதை விட்டுவிட்டு எழுதுவதாக இருந்தால் எழுதாதே. திரும்ப எடுப்பார்களா என்று தெரியவில்லை. எடுத்தால் போவேன். எனக்கு அந்த வேலை வேண்டும்.

இன்னும் ஒன்று மட்டும். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரி அழுக்கைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவள் நீ. கிட்டப் போய் நின்று, விரலால் தொட்டுப் பார்த்து, அது நிஜம் என்று நினைத்துத்தான் வாளியைத் தூக்கினாய். அது என் கையால் செய்தது. நன்றாகச் செய்திருந்தேன்.

அண்ணன்